3,400 சுற்றில் நடுங்கிய கியர் கம்பி: நெக்கார்சுல்ம் அருகே ஒரு பட்டறையின் பழுதறியும் சேவை

என்னுடைய 1987 ஆம் ஆண்டு போர்ஷே 944 காரில், இன்ஜின் வேகம் நிமிடத்துக்கு 3,400 சுற்றை நெருங்கும்போதெல்லாம் கியர் கம்பி நடுங்கத் தொடங்கும். சிறுவயதில் பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்துக் கையில் பிடித்தவர்களுக்கு அந்தத் துடிப்பு தெரிந்திருக்கும்; குமிழைப் பிடித்திருக்கும் உள்ளங்கையில் ஏறி, மணிக்கட்டு வரை வந்து, 3,800ஐத் தாண்டியதும் பெரும்பாலும் அடங்கிவிடும். கண்ணாடி அதிராது, ஸ்டியரிங் அதிராது, இருக்கையில் லேசாக மட்டும் தெரியும். 2 ஆண்டுகள் இந்த நடுக்கத்தோடு வண்டியை ஓட்டியிருக்கிறேன். அதன் காரணத்தை அரை நாளில் கண்டுபிடித்துச் சொன்ன பட்டறையைப் பற்றியே இந்த மதிப்புரை. நான் பணம் கொடுத்தது பழுதைக் கண்டறியும் சேவைக்கு. பழுதுபார்த்தது அதன் பிறகு வந்த வேறு வேலை. இந்த இரண்டையும் தனித்தனியாக விலை சொல்லிச் செய்யும் இடங்கள் மிகக் குறைவு என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதத் தோன்றியது.

இதற்கு முன் இரண்டு இடங்களில் காட்டியிருந்தேன். முதல் இடத்தில் நான்கு சக்கரங்களையும் பேலன்ஸ் செய்து, பின் டயர்கள் இரண்டையும் மாற்றினார்கள். நடுக்கம் அப்படியே இருந்தது. இரண்டாவது இடத்தில் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு, இந்த மாடலில் இது வழக்கமான நோய்தான், டார்க் டியூப் (இன்ஜினையும் பின்னாலுள்ள கியர்பாக்ஸையும் இணைக்கும் குழாய்) பேரிங்குகள் போயிருக்கும், முழு டியூபையும் கழற்றிப் புதுப்பிக்க வேண்டும் என்றார்கள். அதற்குச் சொன்ன தொகை 2,000 யூரோவுக்கு மேல். அவர்கள் சொன்னது பொய்யில்லை. 944 வண்டிகளில் டார்க் டியூப் பேரிங்குகள் தேய்வது உண்மை, அது அதிர்வைத் தருவதும் உண்மை. ஆனால் என் வண்டியில் அதுதான் நடக்கிறதா என்று அவர்கள் சோதித்துப் பார்க்கவில்லை. மாடலுக்குப் பொதுவான பழுதை என் வண்டியின் பழுதாக எடுத்துக்கொண்டார்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் பணம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கரைகிறது.

நான் சொல்லும் பட்டறை ஜெர்மனியின் நெக்கார்சுல்ம் நகரத்துக்குச் சற்று வெளியே இருக்கிறது. 944 வண்டிகள் அந்த ஊரிலிருந்த ஆடி தொழிற்சாலையில்தான் தயாராயின என்பதால், சுற்றுவட்டாரத்தில் இந்த வண்டிகளை அறிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. இருவர் மட்டுமே வேலை செய்யும் இடம் அது. ஒருவர் உரிமையாளர், மற்றவர் பயிற்சி முடித்த இளைஞர். ஏற்கெனவே மூன்று மாதத்துக்கு வேலை நிரம்பியிருப்பதால் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளை மதித்துப் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அவர் செய்த முறையை எழுதுவதற்குத் தடை சொல்லவில்லை. ஒரு வாசகருக்குப் பெயரைவிட அந்த முறை அதிகம் உதவும் என்றே நினைக்கிறேன்.

நேரம் குறிப்பதற்காகத் தொலைபேசியில் அழைத்தபோதே வேலை தொடங்கிவிட்டது. எந்த கியரில், எந்தச் சுற்றில், எந்த வேகத்தில் என்று மூன்று கேள்விகள் கேட்டார். சுற்றைச் சொல்லத் தெரிந்தது. மற்ற இரண்டுக்கும் "எல்லா கியரிலும் வரும் என்று நினைக்கிறேன்" என்றேன். நினைப்பது போதாது, வருவதற்குள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். கடந்த 10 ஆண்டுகளில் இந்த வண்டியில் என்னென்ன கழற்றப்பட்டன என்பதற்கான பில்களையும் கேட்டார், பழைய உரிமையாளர் காலத்துப் பில்கள் உட்பட. அந்தக் கட்டை எடுத்துத் தூசி தட்டியபோது அதன் முக்கியத்துவம் எனக்குத் தெரியவில்லை.

இவர் செய்ததைப் புரிந்துகொள்ள வண்டியின் அமைப்பைச் சற்றுச் சொல்ல வேண்டும். 944இல் இன்ஜின் முன்னால் இருக்கிறது. கியர்பாக்ஸ் பின்னால், சக்கரங்களுக்கு இயக்கத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலோடு சேர்ந்து ஒரே பெட்டியாக இருக்கிறது. எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிவதற்காகச் செய்த ஏற்பாடு அது. இந்த இரண்டையும் ஒரு கனமான இரும்புக் குழாய் இறுக்கமாக இணைக்கிறது. அதுதான் டார்க் டியூப். அதற்குள் ஒரு மெல்லிய ஷாஃப்ட், நான்கு பேரிங்குகளின் மேல் சுழல்கிறது. கிளட்ச் முன்னால் இன்ஜினோடு இருப்பதால், கிளட்ச் பிடித்திருக்கும்வரை இந்த ஷாஃப்ட் இன்ஜினின் வேகத்திலேயே சுழலும். வழக்கமான பின்சக்கர இயக்க வண்டிகளில் கியர்பாக்ஸுக்குப் பிறகு வரும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் வேகம் சாலை வேகத்தைச் சார்ந்தது. இதில் அப்படி இல்லை. கியர் கம்பி பொருத்தப்பட்டிருப்பதும் இந்தக் குழாயின் மேல்தான். அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு பின்னால் ஓடி கியர்பாக்ஸைத் தொடுகிறது. ஆகவே இன்ஜினில் பிறக்கும் அதிர்வும், குழாய்க்குள் பிறக்கும் அதிர்வும், பின்பெட்டியில் பிறக்கும் அதிர்வும் ஒரே கம்பியில் வந்து சேர்கின்றன. கை வைத்துப் பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

குறித்த நாளன்று காலை 8 மணிக்குப் போனேன். பானெட்டைத் திறக்கவில்லை, லிஃப்டில் ஏற்றவில்லை. என்னையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஏ 81 நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் 3,400 சுற்று வரும்போது வேகம் ஏறத்தாழ 127 கிலோமீட்டர், நடுங்கியது. பிறகு லோவன்ஸ்டைன் மலைப்பக்கம் போகும் சாலையில் நான்காவது கியரில் 3,400, வேகம் 98, அதே நடுக்கம். மூன்றாவது கியரில் 3,400, வேகம் 72, அதே நடுக்கம். ஒவ்வொரு முறையும் சுற்று, வேகம், கியர் மூன்றையும் தன் குறிப்பேட்டில் எழுதி, நடுக்கத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை ஒரு மதிப்பெண் என்னைக் கொடுக்கச் சொன்னார், தானும் ஒன்று கொடுத்துக்கொண்டார். மூன்று கியரிலும் சாலை வேகம் மாறியபோதும் நடுக்கம் 3,400ஐ விட்டு அசையவில்லை. கடைசியாக மீண்டும் நெடுஞ்சாலைக்கு வந்து, 127இல் கிளட்சை முழுதாக மிதித்து, இன்ஜினை ஐட்லிங்குக்கு இறங்கவிட்டு உருளச் சொன்னார். கியர் கம்பி அமைதியானது. சக்கரங்களும், ஆக்சில் ஷாஃப்டுகளும், அவற்றின் முனைகளிலுள்ள நான்கு சி.வி. ஜாயின்டுகளும் (வளைந்தபடியே சுழலும் மூட்டுகள்) அப்போதும் அதே வேகத்தில் சுழன்றுகொண்டுதான் இருந்தன. சக்கரமும் டயரும் ஆக்சிலும் அந்த நிமிடத்திலேயே சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கின. நான் முன்பு டயருக்குக் கொடுத்த பணத்தை நினைத்துக்கொண்டேன்.

சக்கரம்தான் காரணமாக இருந்திருந்தால் எப்படித் தெரிந்திருக்கும் என்றும் விளக்கினார். இந்த வண்டியின் டயர் ஒரு சுற்றில் சுமார் 2 மீட்டர் உருளும். மணிக்கு 100 கிலோமீட்டரில் அது நொடிக்கு ஏறத்தாழ 14 சுற்று. நொடிக்கு 14 என்பது எண்ணிவிடலாம் போலத் தோன்றும் குலுக்கல். ஸ்டியரிங்கிலும் இடுப்பிலும் தெரியும். உள்ளங்கையில் ரீங்கரிக்கும் துடிப்பு அவ்வளவு மெதுவான எதிலிருந்தும் வராது. எவ்வளவு விரைவாக அதிர்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும், எவ்வளவு பலமாக என்பது பிறகு என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் கொடுத்த கட்டணம் தகும்.

பட்டறைக்குத் திரும்பியதும் நின்ற இடத்தில் ஒரு சோதனை. நியூட்ரலில் 3,400க்கு ஏற்றினேன். சற்றுக் குறைவாக, ஆனால் அதே நடுக்கம். இப்போது கிளட்சை மிதித்து, முதல் கியரைப் போட்டு, கிளட்சை விடாமல் மீண்டும் 3,400க்கு ஏற்றச் சொன்னார். வண்டி நிற்கிறது, கியர் பூட்டியிருக்கிறது, கிளட்ச் விலகியிருக்கிறது. ஆகவே டார்க் டியூபுக்குள் இருக்கும் ஷாஃப்ட் சுழல வழியே இல்லை. சுழல்வது இன்ஜினும், அதன் முனையிலுள்ள கனச்சக்கரமான ஃப்ளைவீலும், அதோடு சேர்ந்த கிளட்சின் பிரஷர் பிளேட்டும் மட்டும்தான். நடுக்கம் துளியும் குறையவில்லை. 2,000 யூரோவுக்கு மேல் விலை சொல்லப்பட்ட ஒரு வேலை என் பழுதைத் தீர்த்திருக்காது என்பதை ஒரு மிதிக்கட்டையைக் கொண்டு ஒரு நிமிடத்தில் காட்டிவிட்டார். எந்தக் கருவியும் தேவைப்படாத இந்தச் சோதனையை நானே என் வீட்டு வாசலில் செய்திருக்க முடியும்.

இப்படிக் கியர்பாக்ஸ் பின்னால் இருக்கும் எல்லா டிரான்ஸ்ஆக்சில் வண்டிக்கும் இந்தச் சோதனை பொருந்தாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆல்ஃபா ரோமியோவின் அல்ஃபெட்டாவிலும், அதன் வழிவந்த ஜி.டி.வி.6, 75 ஆகியவற்றிலும் கியர்பாக்ஸ் மட்டுமன்றி கிளட்சும் பின்னால் இருக்கிறது. நடுவில் ஓடும் ஷாஃப்ட், இன்ஜின் ஓடும்வரை கிளட்சை மிதித்தாலும் சுழன்றுகொண்டே இருக்கும். அதிலுள்ள ரப்பர் கப்ளிங்குகள் வெடித்திருந்தால் நின்ற இடத்திலும் நடுங்கும். அந்த வண்டியில் கிளட்சை மிதித்தும் நடுக்கம் நிற்கவில்லை என்று இன்ஜினைக் குறை சொன்னால் தவறாகிவிடும். எந்த நிலையில் எது சுழல்கிறது, எது நிற்கிறது என்பதை அந்தந்த வண்டிக்கு வரைந்து பார்த்த பிறகே சோதனைக்குப் பொருள் வரும்.

அதன் பிறகுதான் வண்டி லிஃப்டில் ஏறியது. இன்ஜினைத் தாங்கும் திரவம் நிரம்பிய இரண்டு மவுண்டுகளில், எக்ஸாஸ்ட் பக்கத்தில் இருப்பது சூடு தாங்கித் தாங்கி முதலில் அமர்ந்துவிடும் என்றார். என் வண்டியிலும் அது அமர்ந்துதான் இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் அதன் அடியில் எண்ணெய் கசிந்து காய்ந்த கறுப்புக் கோடு ஒன்றைக் காட்டினார். பின்பெட்டியைத் தாங்கும் ரப்பரில் வெடிப்பு இல்லை. ஆக்சில் ஷாஃப்டுகளின் போல்ட்டுகளை, ஒரு ஜாயின்டுக்கு ஆறு வீதம், எல்லாவற்றையும் முறுக்கிப் பார்த்தார்; எதுவும் தளரவில்லை. இந்த மாடலில் தொடக்கத்தில் வந்த கிளட்ச் தட்டின் நடுவில் ரப்பர் இருக்கும். பல ஆண்டுகளில் அது கிழிந்து, கியர் போட்டதும் தொப்பென்று அடிக்கும், ஒரு நாள் இழுவையே போய்விடும். என் வண்டியில் அதை நீக்கிவிட்டு ஸ்பிரிங் வைத்த தட்டு போட்டிருக்கிறார்கள் என்பதை பில் கட்டிலிருந்து எடுத்துக் காட்டினார். ஸ்டெதஸ்கோப்பின் முனையை டார்க் டியூபின் மேல் எட்டிய இடங்களிலெல்லாம் வைத்துக் கேட்டு, என்னையும் கேட்கச் சொன்னார். நடுப்பகுதியில் ஒரு வறண்ட சீறல் கேட்டது. பேரிங் ஒன்றில் கிரீஸ் தீர்ந்து வருகிறது என்று பொருள். சத்தம் இருக்கிறது, ஆனால் உங்கள் கையில் வரும் நடுக்கம் இதனுடையது இல்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றார். விற்க எளிதான ஒரு வேலை கண்முன்னே இருந்தும் அதை விற்காமல் விட்டவர் மேல் அந்த இடத்தில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அடுத்தது அளவை. கியர் கம்பியின் அடியிலும், இன்ஜினின் மேலும் விரல்நுனி அளவுள்ள இரண்டு அதிர்வு உணரிகளைப் பொருத்தி ஒரு மடிக்கணினியோடு இணைத்தார். நான் என் ஃபோனில் இருக்கும் அதிர்வுச் செயலியைக் காட்டினேன். நொடிக்கு 100 முறை அளக்கும் செயலியால் நொடிக்கு 50க்கு மேல் உள்ள எந்த அதிர்வையும் சரியாகக் காட்ட முடியாது, இல்லாத அதிர்வைக்கூடக் காட்டிவிடும் என்றார். 3,400 சுற்று என்பது நொடிக்கு 57 சுற்று. ஃப்ளைவீலோ பிரஷர் பிளேட்டோ எடை பிசகியிருந்தால் திரையில் 57இல் ஒரு கூர்முனை எழும்ப வேண்டும். ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றால் அதில் பாதியில், 28இல் எழும்ப வேண்டும். எங்கள் திரையில் எழும்பியது இன்ஜின் சுற்றின் இரு மடங்கில், ஏறத்தாழ 113இல். 57இல் சிறு மேடு மட்டுமே இருந்தது.

இந்த இடத்தில் அவர் அவசரப்படாமல் நின்றது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருள் வெடிக்கிறது. அதுவும் நொடிக்கு 113தான். ஆகவே 113 என்ற எண் மட்டும் எதையும் முடிவு செய்துவிடாது. வெடிப்பினால் வரும் அதிர்வு ஆக்ஸிலரேட்டரின் மிதிப்புக்கு ஏற்பக் கூடிக் குறையும். பிஸ்டன்களின் ஓட்டத்தால் வரும் அதிர்வு சுற்றை மட்டும் பொறுத்தது. இதைப் பிரித்தறிய மறுபடியும் சாலைக்குப் போனோம். மேட்டில் முழுதாக மிதித்து 3,400, பிறகு அதே சாலையில் இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு 3,400. இரண்டு வரைபடங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார்; முனையின் உயரம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அப்போதுதான் வாயைத் திறந்து முதல் முறையாக ஒரு பாகத்தின் பெயரைச் சொன்னார்: பேலன்ஸ் ஷாஃப்ட்.

வரிசையாக நான்கு சிலிண்டர்கள் கொண்ட எந்த இன்ஜினிலும் இரண்டு பிஸ்டன்கள் ஏறும்போது இரண்டு இறங்கும். ஆனால் பிஸ்டனை கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் சாய்வினால் மேல் முனையில் பிஸ்டன் திரும்பும் வேகமும் கீழ் முனையில் திரும்பும் வேகமும் ஒன்றாக இருப்பதில்லை. அந்த வேறுபாடு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை இன்ஜினை மேலும் கீழும் உதறும். சிலிண்டர்கள் பெரிதாகப் பெரிதாக உதறலும் பெரிதாகும். 944இன் இன்ஜின் 2,479 கன சென்டிமீட்டர், நான்கு சிலிண்டருக்கு அது பெரிய அளவு. அதனால்தான் போர்ஷே நிறுவனம் மிட்சுபிஷியிடம் உரிமம் பெற்று, இன்ஜினின் இரு பக்கங்களிலும், ஒன்று மேலும் ஒன்று கீழுமாக, ஒவ்வொரு பேலன்ஸ் ஷாஃப்டை வைத்தது. ஒரு பக்கம் மட்டும் கனமான இந்த ஷாஃப்டுகள் கிராங்க் ஷாஃப்டைப் போல இரு மடங்கு வேகத்தில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழன்று, பிஸ்டன்கள் உதறும் அதே கணத்தில் எதிர்ப்பக்கம் இழுத்து உதறலை விழுங்கிவிடும். கணம் தப்பினால் விழுங்க வேண்டியதே கூட்டிக் கொடுத்துவிடும். என் இன்ஜினில் நடந்தது அதுதான்.

பில் கட்டில் எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தாளை அவர் ஏற்கெனவே தனியாக எடுத்து வைத்திருந்தார்: பேலன்ஸ் ஷாஃப்டுகளின் எண்ணெய் சீல்கள் மாற்றம். அந்த சீல்களை மாற்ற வேண்டுமானால் ஷாஃப்டின் முன்னால் இருக்கும், பெல்ட் சுழற்றும் பல் புல்லியைக் கழற்றியாக வேண்டும். பெல்ட் மூடிகளைக் கழற்றி, முதல் சிலிண்டரை மேல் முனைக்குக் கொண்டுவந்து பார்த்தபோது, இரண்டு புல்லிகளின் குறிகளும் பின் தகட்டின் வெட்டுகளோடு மிகச் சரியாகப் பொருந்தியிருந்தன. பெல்ட் ஒரு பல்கூடத் தப்பவில்லை. நான் சோர்ந்துபோனேன். அவர் சோரவில்லை, மேல் புல்லியின் போல்ட்டைக் கழற்றி, புல்லியை வெளியே இழுத்து, என் உள்ளங்கையில் வைத்தார். அதன் நடுத்துளையில் கீ (புல்லியை ஷாஃப்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டு) உட்காருவதற்கு இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. ஒன்றின் அருகே ஓ என்ற எழுத்து. மற்றதன் அருகே ஊ என்ற எழுத்து. ஜெர்மன் மொழியில் ஓபன் என்றால் மேல், உன்டன் என்றால் கீழ். ஒரே புல்லியை இரண்டு இடத்துக்கும் பயன்படுத்துவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். மேல் ஷாஃப்டில் இருந்த புல்லி ஊ பள்ளத்தில் பூட்டப்பட்டிருந்தது. குறி சரியாக நின்றது, பெல்ட் சரியாக நின்றது, உள்ளே இருக்கும் ஷாஃப்டின் கனம் மட்டும் தவறான திசையைப் பார்த்துக்கொண்டு எட்டு ஆண்டுகள் சுழன்றிருக்கிறது. ஊ எழுத்தின் பக்கத்துப் பள்ளத்தில் மட்டும் உலோகம் பளபளவென்று இருந்தது. ஓ பள்ளத்தில் பழைய எண்ணெய் கறுத்துப் படிந்திருந்தது.

கண்டறியும் சேவை அத்தோடு முடிந்தது. அதற்கான கட்டணம் 280 யூரோ, முன்கூட்டியே சொன்னபடி. பெல்ட் மூடிகளைக் கழற்றியதற்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை. சரிசெய்வதை வேறு இடத்தில் செய்துகொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு என்று சொன்னார். நான் அங்கேயே விட்டேன். புல்லியைச் சரியான பள்ளத்தில் பூட்டினார், கீழ்ப் புல்லியையும் கழற்றிச் சரிபார்த்தார், இரு பக்கமும் பல் கொண்ட அந்த பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட்டைப் புதிதாகப் போட்டார். இந்த பெல்ட் அறுந்தால் பக்கத்தில் ஓடும், வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டில் சிக்கி வால்வுகள் பிஸ்டனில் மோதக்கூடும் என்பதால், கழற்றிய பிறகு பழையதைத் திரும்பப் போடுவதில்லை என்பது அவர் வழக்கம். அமர்ந்துபோன இன்ஜின் மவுண்டை அன்று மாற்ற மறுத்துவிட்டார். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது எதைச் சரிசெய்தது என்று இருவருக்கும் தெரியாது, இரண்டு வாரம் ஓட்டிவிட்டு வாருங்கள் என்றார். ஓட்டினேன். 3,400இல் கியர் கம்பி வெறும் கம்பியாக இருந்தது. மீண்டும் உணரிகளை வைத்தபோது 113இல் இருந்த முனை நான்கில் ஒரு பங்காக இறங்கியிருந்தது. பிறகு மவுண்டை மாற்றியதும் சிக்னலில் நிற்கும்போது டாஷ்போர்டில் இருந்த மெல்லிய உதறலும் போய்விட்டது. அந்த உதறலை வண்டியின் வயதுக்குரியது என்று அதுவரை நான் ஏற்றுக்கொண்டிருந்தேன்.

குறைகளும் உண்டு, அவற்றை மறைப்பது நியாயமாகாது. காத்திருப்பு மூன்று மாதம். ஓட்டும் பருவத்தின் நடுவில் மூன்று மாதம் என்பது ஒரு கோடைக்காலம் முழுவதும். எழுத்து அறிக்கை என்று அவர் கொடுத்தது குறிப்பேட்டிலிருந்து கிழித்த இரண்டு தாள்களின் நகல். அவருடைய சுருக்கெழுத்துகளை என்னாலேயே முழுதாகப் படிக்க முடியவில்லை. வண்டியை நாளை விற்கும்போது அடுத்தவருக்குக் காட்ட ஒரு தெளிவான தட்டச்சு அறிக்கையும் அந்த வரைபடங்களின் நகலும் இருந்திருக்க வேண்டும். 280 யூரோவுக்கு அதை எதிர்பார்ப்பது அதிகமில்லை. வரைபடங்களை மூன்று முறை கேட்ட பிறகே மின்னஞ்சலில் அனுப்பினார்.

மற்றொன்று சற்றே கனமான குறை. பெரிய நடுக்கம் போன பிறகு, 2,000 சுற்றுக்கு அருகில் கியர் கம்பியில் ஒரு சிறு கிலுகிலுப்பு எஞ்சியிருந்தது. விரல் வைத்தால் நின்றுவிடும், எடுத்தால் திரும்ப வரும். அதைச் சொன்னபோது, இந்த வண்டிகள் எல்லாம் அப்படித்தான் என்று கடந்துவிட்டார். மாடலின் பொதுப் பழுதை என் வண்டியின் மேல் ஏற்ற மறுத்தவர், மாடலின் பொது இயல்பை என் வண்டியின் மேல் ஏற்றியது எனக்கு வருத்தமாக இருந்தது. கம்பியின் உறையைத் தூக்கி நானே பார்த்தேன். கம்பிக்கும் பின்னால் ஓடும் தண்டுக்கும் இடையிலுள்ள மூட்டில் பிளாஸ்டிக் புஷ் (ஊசியைச் சுற்றியுள்ள சிறு வளையம்) தேய்ந்து, ஊசி அதற்குள் ஆடிக்கொண்டிருந்தது. சில யூரோ விலையுள்ள அந்தப் புஷ்ஷை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் மாற்றினேன். கிலுகிலுப்பு நின்றது, மூன்றாவது கியர் விழும் இடமும் துல்லியமானது. விரலை வைத்ததும் நிற்கும் சத்தம் கம்பியின் மூட்டில் இருக்கிறது, விரலை வைத்தும் நிற்காமல் கைக்குள் ஏறும் நடுக்கம் குழாயின் வழியே வருகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். அதை அவரே சொல்லியிருக்கலாம்.

இந்தக் குறைகளுக்குப் பிறகும், அதிர்வுக்காகப் பாகங்களை மாற்றிக்கொண்டே போகும் எந்த 944, 924, 968 உரிமையாளருக்கும் இதுபோன்ற ஒரு சேவையைத் தேடிப் போகுமாறு உறுதியாகச் சொல்வேன். போவதற்கு முன் வீட்டிலேயே மூன்று கியரில் சுற்றையும் வேகத்தையும் எழுதிக்கொள்ளுங்கள், நெடுஞ்சாலையில் பாதுகாப்பான இடத்தில் கிளட்சை மிதித்து உருண்டு பாருங்கள், நின்ற இடத்தில் கியர் போட்டுக் கிளட்சை விடாமல் இன்ஜினை ஏற்றிப் பாருங்கள், கடைசி பெல்ட் வேலையில் எவையெவை கழற்றப்பட்டன என்ற பில்லைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றோடு போனால் எந்தப் பட்டறைக்காரரும் உங்களிடம் டயரிலிருந்து தொடங்க மாட்டார்.

டார்க் டியூபில் கேட்ட அந்த வறண்ட சீறல் இன்னும் இருக்கிறது. இந்த வண்டியில் கிளட்சை மாற்ற வேண்டுமானால் எக்ஸாஸ்ட், கியர்பாக்ஸ், டியூப் ஆகிய மூன்றையும் எப்படியும் கழற்றியாக வேண்டும். ஆகவே கிளட்ச் தேயும் நாளில் பேரிங்குகளையும் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம், அதுவரை ஆண்டுக்கொரு முறை ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டால் போதும் என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். அந்த வேலைக்கும் அவரிடமே பெயர் கொடுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை அறிக்கையைத் தட்டச்சில் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.